குழாய்க்குக் காவல்

காலை ஐந்தரைக்குக் காப்பி போடக் குழாயைத் திறந்தேன். ஒரு செருமல் செருமியது, இரண்டு சொட்டு விட்டது, அவ்வளவுதான். குளியலறைக் குழாயைத் திறந்தேன். அங்கே அந்த இரண்டு சொட்டும் இல்லை. வெந்நீர்ப் பக்கம் திருகினேன், பச்சைத் தண்ணீர்ப் பக்கம் திருகினேன், கடைசியில் குழாயை நாலு வார்த்தை திட்டினேன். தொலைந்தோம் என்று தெரிந்துவிட்டது. அக்டோபரிலிருந்து கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த குழாய், என் காவலில் இருக்கும்போது உறைந்துவிட்டது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு, போதாததற்குக் காற்று. ஆனால் உள்ளே கதகதவென்று இருந்தது. நான் மெல்லிய ஒரு சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். இத்தனை சூட்டில் தண்ணீர் எப்படி உறையும்? ராய்ஸ் ஆறு மணிக்கு வந்துவிடுவான். அவன் வருவதற்குள் படுக்கைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குட்டிக் கரண்ட் ஹீட்டரை அணைத்து, எப்போதும்போல மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஏன் ஒளித்தேன் என்று கேட்டால், அதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ராய்ஸ் என் புருஷன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஐடஹோவில் மர ஆலையில் வேலை பார்த்தான். ஆலையை மூடினார்கள். "ஒரே ஒரு குளிர்காலம், மார்வா. எண்ணெய்க் கிணத்துப் பக்கம் போய்ட்டு வந்துருவோம்" என்றான். முப்பத்தினாலு அடி நீளத்துக்கு ஒரு பழைய மோட்டார்ஹோம், சக்கரம் வைத்த வீடு, இருந்தது எங்களிடம். அதை ஓட்டிக்கொண்டு எண்ணெய் ஊரான வில்லிஸ்டனுக்கு வடக்கே இந்த வண்டிப் பேட்டைக்கு வந்தோம். அவனுக்குக் கிணறுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை, எனக்குத் தொழிலாளர் முகாமின் சமையற்கட்டில் வேலை. ஒரு குளிர்காலம் போயிற்று. சரி, முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன ஆகஸ்டில் ஒரு விருந்தில் எவனோ ஒருவனின் பெண்டாட்டி என்னிடம் வந்து, "நீங்களும் அடுத்த குளிர்காலம் இங்கதானாமே, ரொம்ப சந்தோஷம்" என்கிறாள். ராய்ஸ் தன் மேலாள் கெஸ்லரிடம் தலையாட்டி அதற்குள் ஆறு வாரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு வண்டியில் நடந்த சண்டை பேட்டைக்கே கேட்டிருக்கும்.

"நான் என்ன, இந்த வண்டியோட ஸ்டெப்னியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"கேட்டா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப" என்றான்.

சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தையை இவன் தானே எடுத்துச் சொல்லிவிட்டு வந்து நிற்கிறான். அக்டோபரில் முதல் பனி விழுந்தபோது நானும் சொல்லிவிட்டேன். "ஏப்ரல்ல உறைபனி விட்டதும் நான் ஐடஹோவுக்கு, லூயிஸ்டன்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். தனியா. அதுவரைக்கும் குழாய்க்காக இருக்கேன்." அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சரி." அவ்வளவுதான். வாயில் என்ன கொழுக்கட்டையா? போகாதே என்று சொல்ல மாட்டான், ஏன் என்று கேட்க மாட்டான். சரியாம் சரி!

குழாய்க்காக என்று நான் சொன்னது சும்மா இல்லை. இந்தக் குளிரில் தண்ணீர் ஓடும் வண்டியைப் பன்னிரண்டு மணி நேரம் ஆளில்லாமல் விட முடியாது. கேஸ் தீர்ந்தால் உருளையை மாற்ற வேண்டும். வெளிக் கம்பத்திலிருந்து வரும் ஹோஸில் சுற்றிய சுடுகம்பி வேலை செய்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கழிவுத் தொட்டி நிறையும் வரை மூடியே வைத்திருந்து ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாகப் போய்க் குழாய்க்குள் பனிக்கட்டித் தூண் எழும்பிவிடும். அவனுக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல். அவன் வந்து கதவைத் திறக்கும்போது நான் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன். நான் திரும்பும்போது அவன் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பான். ஊரில் வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காத காலம். நான் பாதியில் போய், குழாய் வெடித்து, தரையெல்லாம் ஊறிப்போனால் அந்த மனுஷன் எங்கே படுப்பான்? கோபம் இருந்தது, ஆனால் அவ்வளவு கல்நெஞ்சுக்காரி இல்லை நான்.

ஆனால் மற்றதெல்லாம் தனித்தனி. என் சாப்பாடு எனக்கு, உன் சாப்பாடு உனக்கு. உன் துணியை நீயே துவைத்துக்கொள். ஒரே கட்டில், இரண்டு ஷிப்ட். முக்கியமான சங்கதி என்றால் குளிர்பெட்டிக் கதவில் சீட்டு எழுதி ஒட்டுவோம்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னால் ஒருநாள் காலை, கதவருகே அவன் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் மடங்கவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, அப்படியே சட்டையோடு பின்னறைக்குப் படுக்கப் போனான். அந்தப் பின்னறைதான் வண்டியிலேயே குளிர்ந்த இடம். கேஸ் ஹீட்டரின் சூடு அதுவரை வந்துசேராது. நான் வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று முழுதும் பிஸ்கட்டுக்கு மாவு பிசையும்போது அந்த விரல்தான் கண்ணில் நின்றது. சாயங்காலம் இரும்புக் கடையில் போய் ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கினேன். தினமும் நாலு மணிக்கு எழுந்து அதைக் கட்டிலருகே ஓடவிட்டு, அவன் வருமுன் அணைத்து ஒளித்துவிடுவேன். அவனுக்காக நான் ஒரு துரும்பை அசைத்தேன் என்று அவனுக்குத் தெரிந்தால் என் மானம் என்னாவது? நேற்று ராத்திரி காற்று வண்டியையே ஆட்டியது. நாலு மணி வரை காத்திருக்காமல் ஒன்பதுக்கே போட்டுவிட்டுப் படுத்தேன்.

இப்போது காலைக்கு வருகிறேன்.

ராய்ஸ் மீசையில் பனியோடு உள்ளே வந்தான்.

"தண்ணி வரல" என்றேன்.

கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வெளியே போனான். நானும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். கம்பத்துக் குழாயைத் திறந்தான், தண்ணீர் வந்தது. ஹோஸைக் கழற்றிப் பார்த்தான், அதிலும் வந்தது. ஆக, உறைந்தது வண்டிக்குள்தான். அப்புறம் வண்டியின் பக்கவாட்டில் கேஸ் ஹீட்டரின் புகைத்துளை முன்னால் போய் நின்றான். எப்போதும் அதன் கீழே பனி உருகிப் புல் தெரியும். இன்று துளையின் வாயிலேயே வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"இது ராத்திரி பூரா ஓடல" என்றான்.

"ஓடாம எப்படி? உள்ள வந்து பாரு, அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு."

"அதான் கேக்கறேன். எப்படி?"

உள்ளே வந்தான். நடு வழியில் நின்று மோப்பம் பிடிப்பதுபோலச் சுற்றிப் பார்த்தான். சுவரில் சூட்டைத் திருகி வைக்கும் வட்டக் குமிழ் இருக்கிறது, பின்னறைக் கதவை ஒட்டி. அதன் மேல் நவம்பரிலேயே ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, "தொடாதே" என்று எழுதி வைத்திருந்தான்.

"இதைத் தொட்டியா?"

"சத்தியமா தொடல."

"மார்வா."

"தொடலன்னு சொல்றேன்ல!"

அவன் பேசாமல் நின்றான். இந்த மனுஷன் பேசாமல் நிற்பது மற்றவர்கள் கத்துவதைவிட மோசம். மாவு டப்பாவைத் தள்ளி, கரண்ட் ஹீட்டரை எடுத்து மேஜை மேல் ணங்கென்று வைத்தேன்.

"இந்தா. போதுமா?"

"இது எதுக்கு?"

"எனக்குக் குளிருச்சு."

"உனக்கா? ஜனவரியில ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்கறவ நீ."

கையும் களவுமாகப் பிடிபட்டேன். முகம் சிவந்தது எனக்கே தெரிந்தது.

"எங்க வச்சிருந்த?"

"கட்டில்கிட்ட."

"எத்தனை நாளா?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாலேர்ந்து. நீ வர்றதுக்குள்ள அணைச்சிருவேன். போதுமா? இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

ராய்ஸ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். ஹீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் நினைச்சேன்..." என்று இழுத்தான்.

"என்ன நினைச்ச?"

"டிசம்பர்ல பின்னறைக்குச் சூடு வர்ற சூட்டுக்குழாய்ல ஓட்டையை மூடி டேப் சுத்தினேன்ல. அது வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

அடப்பாவி! ஒரு மாதமாக வெதுவெதுப்பான அறையில் சுகமாகப் படுத்து எழுந்தவன், அதைத் தன் கைவேலையின் மகிமை என்று நினைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

பிறகு அவன் விளக்கினான். கேஸ் ஹீட்டர் ஊதும் சூடு நேராக நமக்கு வருவதில்லையாம். முதலில் தரைக்கடியில் போய், வண்டியின் அடிவயிற்றில் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் இடமெல்லாம் சுற்றிவிட்டு, மிச்சம்தான் மேலே வருமாம். கதவை ஒட்டி இருக்கிற அந்தக் குமிழுக்கு என் கரண்ட் ஹீட்டரின் சூடு பட்டுவிட்டது. வீடு சூடாக இருக்கிறது என்று அது நம்பிவிட்டது. கேஸ் ஹீட்டர் தூங்கிவிட்டது. ராத்திரி பூரா மேலே கதகதப்பு, கீழே உறைபனி.

"அதான் தொடாதேன்னு எழுதினேன்" என்றான்.

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"நான் தொடலையே! ஏன் தொடக்கூடாதுன்னு எழுதறதுக்கு டேப்புல இடம் இல்லையா? இந்தச் சங்கதியை நவம்பர்ல ஒரு நிமிஷம் உக்காந்து சொல்லியிருந்தா நான் எதுக்குக் கரண்ட் ஹீட்டர் வாங்கறேன்? என்னை என்ன நினைச்சிட்டிருக்க நீ? குமிழைத் திருகி விளையாடற குழந்தைன்னா?"

"இல்ல."

"பின்ன?"

ஹீட்டரைத் தள்ளிவைத்துவிட்டு, "நீயும் கேக்கல" என்றான்.

அதுவும் உண்மைதான். அக்டோபரிலிருந்து நான் அவனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டுமே. அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை.

நான் சமையற்கட்டுக்குப் போன் செய்து இன்று வரமாட்டேன் என்றேன். அவனும் கெஸ்லரிடம் ராத்திரி ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, தூங்காமல் நின்றான். குழாய்க்குள் உறைந்த தண்ணீர் நேரம் ஆக ஆகப் பருத்து எதையாவது உடைக்கும். விடிந்ததும் இறங்க வேண்டும்.

அடுத்த வண்டிக்காரி நடீன் சரளை லாரி ஓட்டுகிறவள். தனி ஆள். அவள் வண்டியில் தண்ணீரே கிடையாது. நவம்பரிலேயே குழாயெல்லாம் வடித்துவிட்டு, குளிரில் உறையாத ரோஸ் நிற மருந்தை ஊற்றி மூடிவிட்டாள். கேனில் தண்ணீர் தூக்குவாள், பேட்டையின் பொதுக் குளியலறையில் குளிப்பாள். அப்படி வடித்துவிட்டவர்களைப் பேட்டையில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள், பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்தவர்களைப்போல. நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அவள் என்னை மகாராணி என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அவளிடம்தான் மண்ணெண்ணெயில் சூட்டை ஊதும் பெரிய ஹீட்டர் இருந்தது.

கதவைத் தட்டினேன். திறந்தாள்.

"என்ன மகாராணி, அரண்மனையில தண்ணி நின்னு போச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே. ஊர்க் கிணத்துக்கெல்லாம் தண்ணி சுமக்கறான் உன் புருஷன், வீட்டுல காப்பிக்குத் தண்ணி இல்ல. நல்லா இருக்கு! வா, ஒரு கை பிடி."

இருவரும் அந்தக் கனத்தை இழுத்து வந்தோம். எங்கள் வண்டியைச் சுற்றி நுரைப் பலகை அடித்து, அதன்மேல் பனியை அணைத்து வைத்திருந்தோம். காற்று அடியில் புகாமல் இருக்கப் பேட்டையில் எல்லா வண்டிக்கும் இப்படி ஒரு பாவாடை கட்டுவோம். ராய்ஸ் அதில் ஒரு பலகையைப் பெயர்த்து, அந்த ஓட்டை வழியாக ஹீட்டரை வெளியிலிருந்தே ஊதவிட்டான். புகை உள்ளே தங்காமல் இருக்க, எதிர்ப்பக்கமும் ஒரு பலகையை எடுக்கச் சொன்னாள் நடீன். "போன வருஷம் ஒருத்தன் எடுக்காம விட்டுட்டு, தலை சுத்தி ஆஸ்பத்திரிக்குப் போனான். நீங்க ரெண்டு பேரும் போயிட்டா அப்புறம் நான் யாரைக் கிண்டல் பண்றது?" என்றாள்.

ஒரு மணி நேரம் ஊதினோம். ஒன்றும் நடக்கவில்லை. குழாய்க்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவில் அடிவயிற்றை மூடிய கறுப்பு பிளாஸ்டிக் தகடு இருந்தது. உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். ராய்ஸ் படுத்து நுழையப் பார்த்தான். தோள் நுழைந்தது, வயிறு மாட்டிக்கொண்டது.

"பேட்டைக் கடைக்காரன் போடற பன்றிக்கறி எல்லாம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுது" என்றாள் நடீன்.

"நான் போறேன்" என்றேன்.

ராய்ஸ் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அட்டையை விரித்து, ஹேர் டிரையரையும் கத்தியையும் கையில் கொடுத்து, டார்ச்சைத் தலையில் கட்டிவிட்டான். கட்டும்போது என் முகத்துக்கு இவ்வளவு அருகில் அவன் முகம் வந்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

அடியில் ஓர் ஆள் புரளத்தான் இடம். தரை இரும்பாக இருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் மண்ணெண்ணெய்ச் சூடு, மறு பக்கக் கன்னத்தில் பனி. ஓட்டை வாயில் ராய்ஸ் முகத்தைத் தரையோடு வைத்துப் படுத்திருந்தான்.

"இப்ப உன் தலைக்கு மேல அடுப்பங்கரை" என்றான். "கம்பத்துத் தண்ணி இடது பக்கமா நுழையும். அங்கேர்ந்து ஒரு குழாய் வெந்நீர்த் தொட்டிக்குப் போகுது, ஒண்ணு நேரா பின்னாடி. சூட்டுக்குழாய் அதைத் தாண்டி வலது ஓரமா போகுது. அதான் இடது பக்கத்துக்குச் சூடு கம்மி."

"அப்ப குளியலறைக் குழாய்?"

"அது நடுச் சட்டத்தைச் சுத்தி வளைஞ்சு வருது. அந்த வளைவுலதான் எனக்குச் சந்தேகம்."

"ஏன் அங்க?"

அவன் சொன்னான். நான் ஏன், எப்படி, எதற்கு என்று கேட்டுக்கொண்டே போனேன். கேட்டதற்கெல்லாம் சொன்னான். இவனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. மூன்று மாதத்தில் பேசாததை, வண்டியின் அடியில் முதுகு மரத்துப்போகப் படுத்துக்கொண்டு பேசினோம். எல்லாம் குழாயைப் பற்றித்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

தகட்டைத் தட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஓசை மாறியது. அங்கே விரலால் அழுத்தினால் கல்லாக இருந்தது.

"இங்கதான்னு நினைக்கறேன். வெட்டினாத்தான் தெரியும்."

"வெட்டினா மறுபடி ஒட்டவைக்கறது கஷ்டம். இடம் தப்பாப் போனா இன்னொரு எடத்துல வெட்டணும்."

"தெரியுது."

பிறகு அவன் சொன்னது ஹீட்டர் இரைச்சலிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எனக்கு இங்கேர்ந்து ஒண்ணும் தெரியல, மார்வா. நீதான் பாக்கற. நீ சொல்லு, வெட்டலாமா?"

இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் என்னைக் கேட்ட கேள்விகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். "வெட்டறேன்" என்று மட்டும் சொன்னேன்.

வெட்டினேன். மூன்று பக்கம் கீறித் தகட்டை மடக்கியதும் வெள்ளைக் குழாய் தெரிந்தது, அவன் சொன்ன அதே வளைவில். ஹேர் டிரையரைப் பிடித்தேன். கை மாற்றிக் கை மாற்றி முக்கால் மணி நேரம் பிடித்திருப்பேன். உள்ளே ஏதோ டிக் என்றது. அப்புறம் சலசலவென்று ஓட்டம். மேலே அடுப்பங்கரையில் திறந்து வைத்திருந்த குழாய் இருமிக்கொண்டு தண்ணீரைக் கொட்டியது. நடீன் வெளியே கை தட்டிக் கூச்சல் போட்டாள். நான் கத்தியதும் நினைவிருக்கிறது. அடுத்த நொடி என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. வளைவில் குழாய்களை இணைக்கும் எல்போ விரிசல் விட்டிருந்தது.

வெளியே வந்து நான் நடுங்கி முடிப்பதற்குள் ராய்ஸ் கம்பத்துக் குழாயை மூடிவிட்டான். நடீன் தன் ஹீட்டரை இழுத்துக்கொண்டு போனாள். "மகாராணிக்கு இன்னைக்கு என் வீட்டுல சூப்பு உண்டு. தண்ணி மட்டும் கேன்லதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். இப்போது கேஸ் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ராய்ஸ் தன் கருவிப் பெட்டியைத் துழாவி ஒரு புது எல்போவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"இதை மாட்டப் பத்து நிமிஷம்" என்றான். மாட்ட எழுந்திருக்கவில்லை.

"பின்ன என்ன?"

"மாட்டினா, ஏப்ரல் வரைக்கும் யாராவது ஒருத்தர் இங்க இருந்துகிட்டே இருக்கணும்."

"அது இப்பத்தான் தெரியுமா உனக்கு?"

"மாட்டாம விட்டா, தண்ணியை வடிச்சுட்டு மருந்தை ஊத்திரலாம். நடீன் மாதிரி."

நான் அவனையே பார்த்தேன். முழு பேட்டையிலும் கடைசி வரை தண்ணீர் ஓடும் வண்டி என்னுடையதுதான் என்று மார் தட்டிக்கொள்கிறவன் இவன். வடிக்கலாம் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்தே இருப்பான்.

"வடிச்சுட்டா உறையறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றான், எல்போவைப் பார்த்துக்கொண்டு. "அப்புறம் நீ குழாய்க்காக இங்க இருக்க வேண்டியதில்ல. ஏப்ரல் வரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கே கிளம்பினாலும் நான் தனியா சமாளிச்சுக்குவேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அதனால நீ சொல்லு. மாட்டவா, வடிக்கவா?"

ஆகஸ்டிலிருந்து இவன் என்னைக் கேட்க வேண்டும் என்று நான் தவித்தேன். கேட்டுவிட்டான். கேட்ட கேள்வி இதுவா? குழாய்க்காக இருக்கிறேன், குழாய்க்காக இருக்கிறேன் என்று அவனிடமும், போனில் அக்காவிடமும், எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழாயை எடுத்துவிட்டால் நான் எதற்காக இருக்கிறேன்? அந்தச் சாக்கு இல்லாமல் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்கும் இருந்திருக்கும். என்னைப் பிடித்து வைத்திருந்த ஒரே கயிற்றை அவனே அவிழ்த்துக் கையில் கொடுக்கிறான்.

"நான் போகணும்னு நினைக்கறியா?"

"இல்ல." சட்டென்று வந்தது. "இல்லவே இல்ல."

"அப்ப எதுக்கு இதைச் சொல்ற?"

"கேக்கணும்ல" என்றான்.

நான் வெளியே பார்த்தேன். ஜன்னலில் பனி பூத்து ஒன்றும் தெரியவில்லை.

"வடி" என்றேன்.

அவன் முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. பிறகு தலையசைத்தான். எல்போவைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினான். குழாயை ஊதிக் காலியாக்கக் கம்ப்ரசரை எடுத்து வந்தான், மருந்துக் கேனைத் திறந்தான். குனிந்து குழாய்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திருகினான். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் இரண்டு நிமிஷம் பேசாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் அவன் செய்ததற்கு இரண்டு நிமிஷத் தண்டனை அதிகமில்லை.

"ராய்ஸ்."

"ம்."

"கெஸ்லருக்கு ஒரு போன் பண்ணு."

"இன்னைக்கு லீவுன்னு சொல்லியாச்சே."

"அதுக்கு இல்ல. பகல் ஷிப்ட் தருவானான்னு கேளு."

நிமிர்ந்தான். கையில் இருந்த குழாயிலிருந்து மருந்து தரையில் சொட்டியது, கவனிக்கவில்லை.

"பகல் ஷிப்டா? அப்பப் பகல்ல வண்டியில யாரு இருப்பா?"

"யாரும் இருக்க வேணாம். உறையறதுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு இப்ப நீதானே சொன்ன?"

அவன் யோசித்தான். இவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும், ஏறினால் இறங்காது. நான் காத்திருந்தேன்.

"அப்ப ராத்திரி..." என்றான்.

"ராத்திரி ரெண்டு பேரும் தூங்குவோம், உலகத்துல எல்லாரும் தூங்கற மாதிரி. காலையில ரெண்டு பேரும் கேன் தூக்குவோம். நீ குறட்டை விட்டா எழுப்பிருவேன், இப்பவே சொல்லிட்டேன். ஏப்ரல்ல என்ன பண்றதுன்னு ஏப்ரல்ல பேசிக்கலாம். ஆனா பேசணும். என்கிட்ட. வேற எவன்கிட்டயும் பேசறதுக்கு முன்னாடி."

கையைத் துடைக்காமலே போனை எடுத்தான். ரோஸ் மருந்து போனெல்லாம் ஒட்டியது. கெஸ்லரின் குரல் எனக்குக் கேட்கவில்லை, "ஆமா", "பகல்ல", "வீட்டு விஷயம்" என்று ராய்ஸ் சொல்வது மட்டும் கேட்டது. பிறகு நெடுநேரம் அந்தப் பக்கமே பேசியது. ராய்ஸ் வாயைத் திறந்தான், மூடினான். போனை மார்போடு அழுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"வியாழக்கிழமைலேர்ந்து தர்றானாம். ஆனா தூரத்துக் கிணறு, போய் வர ஒரு மணி நேரம் கூடுதலா ஆகும்" என்றான். "சரின்னு சொல்லட்டுமா?"

"சொல்லு" என்றேன்.